மறுமொழி: இன்னும் எத்தனை தரம்?

அன்புள்ள ஊரவர்களுக்கு,

எங்கட திருகோணமலை ஊர்ச் சங்கத்துப் பொருளாளர் வெள்ள நிவாரணக் கணக்கை அனுப்பிய கையோடு கனடா ஸ்காபரோவில் இருக்கிற தம்பி ஒருவர் ஒரு கேள்வி போட்டிருந்தார். "ஒவ்வொரு தரமும் சேர்க்கிறம், அனுப்புறம். பிறகும் அடி விழுது. அண்ணை, நீங்கள் வேதக்காரர் நம்பிக்கை நம்பிக்கை எண்டு சொல்லுறீங்கள், எதை வைச்சுச் சொல்லுறீங்கள்?"

மூன்று கிழமையாக ஒருவரும் மறுமொழி எழுதவில்லை. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், என்று கேட்டபடியால் நான்தான் எழுத வேண்டும்போல. சங்கத்தில் எங்கட ஆட்கள் கொஞ்சப் பேர். கோணேசரையும் பத்திரகாளி அம்மனையும் கும்பிடுகிற மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கோ. மதம் மாத்த வரவில்லை. அந்த வேலைக்கு எனக்கு வயசும் இல்லை, குரலும் இல்லை.

தம்பி, கேள்வி நியாயமானது. எங்கட ஊருக்கு விழுந்த அடியை எண்ண வெளிக்கிட்டால் கைவிரல் காணாது. எங்கட அம்மம்மா 1942 இல்தான் தொடங்குவா. அந்த வருஷம் ஏப்ரல் 5 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு. அன்றைக்கு யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். நாலு நாள் கழித்து, வியாழக்கிழமை காலை, திருமலைக்கு வந்தான். சீனன்குடா எண்ணெய்க் குதம் ஒன்றின்மேல் ஒருத்தன் விமானத்தோடேயே விழுந்தான். அது நாள்கணக்கில் எரிந்தது. சனம் பாய் தலையணையோடு காட்டுப் பக்கம் ஓடியது. "பாஸ்குப் பலகாரம் சட்டியோடை கிடந்தது" என்பா. குண்டைவிட அந்தப் பலகாரம்தான் அவவுக்குக் கடைசிவரை கவலை.

அதற்குப் பிறகு நாங்களே பார்த்தவை. 1990 இல் ஊரே இடம்பெயர்ந்தது. 2004 இல் நத்தாருக்கு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது. 2006 தை 2 ஆம் திகதி கடற்கரையில் கதைத்துக்கொண்டிருந்த ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைப் பற்றி இந்தக் குழுவில் எத்தனையோ தரம் எழுதியாயிற்று. எழுதுகிற ஒவ்வொரு தரமும் கை நடுங்குகிறது, அதனால் தாண்டிப் போகிறேன்.

2019 பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஏப்ரல் 21, மறுபடியும் ஒரு உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள் என்று குண்டு வெடித்தது. 260க்கு மேற்பட்ட உயிர். நீர்கொழும்பு எங்களுக்குப் பிறத்தி ஊர் இல்லை. கச்சான் காற்றடித்து மேற்குக் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் அந்தச் சனம் வள்ளத்தோடும் எஞ்சினோடும் எங்கட கரைக்கு வந்து வாடி, அதுதான் மீன்பிடிக் கொட்டில், அடித்துத் தங்கும். வாடிக்குள் நடுக்கம்பில் மாதா படமும் செபஸ்தியார் படமும் தொங்கும். அப்பா அவர்களோடு அரைகுறைச் சிங்களத்தில் கதைப்பார், அவர்கள் அரைகுறைத் தமிழில் கதைப்பார்கள். அவர்களில் சில கிழவர்களுக்கு வீட்டுமொழியே தமிழ்தான். செய்தி வந்த அன்று நான் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து அந்த வாடி முகங்களைத்தான் தேடினேன். அடுத்த ஞாயிறு கோயில்களில் பூசை இல்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஒப்புக்கொடுத்த பூசையைச் சனம் வீட்டில் தொலைக்காட்சியில் கண்டது. பூசைக்குப் போவதே உயிருக்கு ஆபத்தான காரியமாகிப்போன நேரத்தில் நம்பிக்கையைப் பற்றி ஒருவன் வாய் திறக்கிறதென்றால் அதற்கு ஒரு துணிச்சல் வேணும். எனக்கு அன்றைக்கு அது இல்லை. அதற்குப் பிறகு நாலைந்து மாதம் நான் கோயில் பக்கம் போகவில்லை. இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. மனுசிக்கு மட்டும் தெரியும்.

திரும்பிப் போக வைத்தது பிரசங்கம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் ஒரு சொல்.

சின்னனில் பின்னேரம் விளக்குப் பத்தவைத்து, முழங்காலில் இருத்தி அம்மா மூன்று செபம் சொல்லித்தருவா: விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி. எங்கட வயசுக் கத்தோலிக்கருக்கு இவை இன்னும் மனப்பாடமாக இருக்கும். நித்திரை தூங்கித்தூங்கி வாய் மட்டும் சொல்லும். இலத்தீனில் 'ஆக்டுஸ்' என்று இருந்ததைத் தமிழாக்கியவர் யாரோ, செயல் என்று போடாமல் முயற்சி என்று போட்டிருக்கிறார். ஐம்பது வருஷம் கழித்து ஒருநாள் இங்கே நோர்வேயில் பேர்கனில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அது எனக்கு உறைத்தது. நம்பிக்கை வருமோ வராதோ என்று நான் மாதக்கணக்காக உள்ளே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன், காய்ச்சல் இருக்கோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. அம்மா அதை ஒரு வேலையாகச் சொல்லித்தந்திருக்கிறா. முற்றம் கூட்டுகிற மாதிரி, வலை பொத்துகிற மாதிரி. மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பின்னேரம் வந்தால் முழங்காலில் நில், சொல்.

நம்பிக்கை என்ற சொல்லைப் பற்றி எங்கட வீட்டில் ஒரு நெடுநாள் வழக்கும் இருந்தது. சித்தப்பா மெதடிஸ்த பொம்பிளையைக் கட்டி அந்தப் பக்கம் போனவர். அவருடைய வேதாகமத்தில் பவுல் கொரிந்தியருக்கு எழுதினது "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்று இருக்கும். 1995 இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் எங்களுக்கு "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்று வந்தது. அவருடைய நம்பிக்கை எங்கட எதிர்நோக்கு. எங்கட நம்பிக்கை அவருடைய விசுவாசம். நத்தார் விருந்தில் இதைத் தொட்டால் இறைச்சிக் கறி ஆறிப்போகும் வரைக்கும் சண்டை. "எதிர்நோக்கு எண்டா பஸ்ஸுக்குக் காத்துநிக்கிறது" என்பார் சித்தப்பா. அம்மா சிரிப்பா. எனக்கு இப்ப படுகிறது, தமிழில் இந்த இரண்டும் ஒரே சொல்லுக்குள் இவ்வளவு காலம் குடியிருந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது என்று. 'நம்பியிருக்கிறேன்' என்று அந்த நம்பிக்கை முயற்சிச் செபத்தில் வரும். நம்புகிறேன் என்று இல்லை, நம்பி இருக்கிறேன். எழும்பிப் போகாமல் இருக்கிறேன்.

துறைமுகத்துப் பிள்ளைகள் நாங்கள், நங்கூரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எபிரேயருக்கு எழுதின நிருபம் ஆறாம் அதிகாரத்தில் நம்பிக்கையை ஆத்தும நங்கூரம் என்று சொல்லியிருக்கு. உரோமைக் கல்லறைச் சுரங்கங்களில் முதற்கால வேதக்காரர் செத்தவர்களின் கல்லில் நங்கூரம் கீறி வைத்தார்கள். 2025 யூபிலி ஆண்டுச் சின்னத்திலும் சிலுவையின் அடி நங்கூரமாகத்தான் வளைந்திருந்தது. பாப்பரசர் பிரான்சிஸ் 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று பேர் வைத்துத் தொடக்கிவிட்டு, நடுவிலேயே கண்ணை மூடினார். அதுவும் ஏப்ரல் 21.

அப்பாவின் நங்கூரப் பாடம் வேதத்தில் இல்லாதது. நங்கூரம் எவ்வளவு பாரம் என்று ஒருவரும் பெருமை பேசக்கூடாது, கயிறு எவ்வளவு நீளம் என்று கேள் என்பார். எங்கட துறைமுகம் கரையிலிருந்து நாலு பாகம் போகமுதலே கிடுகிடு ஆழம். ஆழத்துக்குச் சரியாகக் கயிறு விட்டால் அலை வள்ளத்தைத் தூக்கும்போது நங்கூரத்தையும் சேர்த்துக் கிளப்பிவிடும். ஆழத்தைப்போல மூன்று நாலு மடங்கு விட வேணும், காற்றென்றால் இன்னும் கூட. அப்பதான் கயிறு படுத்து இழுக்கும், நங்கூரம் சேற்றில் கொளுவும். வள்ளம் ஆடாது என்று ஒருநாளும் அப்பா சொன்னதில்லை. ஆடுகிற ஆட்டத்தில் நானும் கூடப்பிறந்த தம்பியும் சத்தி எடுத்திருக்கிறோம்.

தம்பி, உங்கட கேள்விக்கு இன்னும் வரவில்லை, தெரியும். வயசானவன், சுத்தித்தான் வருவேன்.

மாற்கு எழுதின சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தை எடுத்துப் பாருங்கோ. ஓய்வுநாள் முடிந்து விடியக்காலை மூன்று பெண்கள் கல்லறைக்குப் போகிறார்கள். மகதலா மரியா, யாக்கோபின் தாய் மரியா, சலோமி. உயிர்த்திருப்பார் என்று போகவில்லை. கையில் கொண்டுபோனது பிணத்துக்குப் பூசுகிற வாசனைத் திரவியம். வழியில் அவர்கள் கதைத்தது முழுக்க ஒரே கவலை: வாசல் கல்லை ஆர் புரட்டித்தருவினம்? சீடர்கள் என்று பேர்பெற்ற ஆம்பிளைகள் ஒருத்தரும் அங்கே இல்லை, அது வேறு கதை. கல்லைப் புரட்ட வழி தெரியாமலே, செத்துப்போனவரென்று தெரிந்துகொண்டே, செய்யவேண்டியதைச் செய்ய வெளிக்கிட்டார்கள். போன பிறகுதான் மற்றதெல்லாம். எங்கட முழு வேதமும் அந்த மூன்று பேரின் நடையில்தான் தொங்குகிறது என்று எனக்குப் படுகிறது. சுவாமிமார் யாரும் இந்தக் குழுவில் இருந்தால் திருத்துங்கோ.

இதே மாதிரி நடந்தவர்களை எங்களுக்கும் தெரியும். ஹேபர்ட் பாதரைக் கூடைப்பந்து விளையாடின பெடியளுக்கு ஞாபகம் இருக்கும். அமெரிக்காவில் பிறந்த இயேசுசபைக் குரு. 1990 ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புப் பெருநாள் அன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு தமிழ் இளைஞரோடு ஸ்கூட்டரில் வெளிக்கிட்டவர். இரண்டு பேருமே வந்து சேரவில்லை. நாடு எரிந்துகொண்டிருந்த அந்த மாதத்தில் அவர் விமானம் ஏறிப் போயிருக்கலாம். 2017 இல் கிளிநொச்சியில் தொடங்கி எங்கட திருமலையிலும் தெருவோரம், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு குந்தியிருந்த தாய்மாரைப் பாருங்கோ. அவர்களில் பலபேர் சைவம். படத்தைப் பிடித்திருக்கிற கை நடுங்குது, ஆனால் அடுத்த நாளும் வருகினம். 'நம்பி இருக்கிறேன்' என்றதை எனக்கு எந்தப் பிரசங்கத்தைவிடவும் தெளிவாகச் சொன்னது அந்த இருப்புத்தான்.

நோர்வேக்கு வந்த புதிதில் வடக்குக் கரையில் மீன் தொழிற்சாலையில் வேலை. கார்த்திகைக் கடைசியில் சூரியன் போனால் தை நடுப்பகுதி தாண்டித்தான் தலை காட்டும். பொங்கலுக்குச் சூரியனே இல்லை. சக பெடியள் மின்குமிழுக்குப் படைப்போமோ என்று பகிடி விட்டார்கள். சூரியன் திரும்புகிற நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெளியே கொண்டுபோய்க் காட்டுவார்கள். ஆனால் அந்த இரண்டு மாதமும் ஒருவரும் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. இருட்டில்தான் மீன் வந்தது, இருட்டில்தான் வெட்டினோம்.

இப்ப கடைசி அடிக்கு வருகிறேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். நாடு முழுக்க 600க்கு மேல் சனம் போய்விட்டது. எங்கட பக்கத்தில் மாவிலாறு அணை உடைந்து, மூதூர் வெருகல் பக்கம் வெள்ளம். அந்த ஞாயிறுதான் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. வளையத்தில் முதல் மெழுகுதிரி கொளுத்துகிற நாள். அந்தத் திரிக்கு எதிர்நோக்கின் திரி என்று பேர். பேர்கனில் அதைக் கொளுத்தும்போது எனக்குத் தொலைபேசியில்தான் கண். ஊரில் இருக்கிற தங்கச்சிக்கு லைன் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் எடுத்தாள். கோயில் பெண்கள் எல்லாரும் சேர்ந்து மண்டபத்தில் சமைக்கினமாம். மூதூர்ப் பக்கச் சனத்துக்கும் போகுதாம், முஸ்லிம் ஆட்கள் இருக்கிறபடியால் இறைச்சி வேண்டாம், பருப்பும் பூசணிக்காயும் என்று முடிவெடுத்தவையாம். அதற்குள்ளும் உப்புக் காணுமா காணாதா என்று இரண்டு பேருக்குச் சண்டையாம். நான் பெரிய ஞானிபோல, "பிள்ளை, இதுக்குள்ள திரி கொளுத்தினீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம், கொளுத்தினது. கரண்ட் இல்லை, அந்தத் திரி வெளிச்சத்திலதான் வெங்காயம் வெட்டினது. அண்ணை, இந்தக் கதையை விடு. பருப்பு நாளைக்கு மட்டும்தான் காணும். உங்கட சங்கம் என்ன செய்யுது?"

அந்தப் பருப்புக்குத்தான் முதல் தவணைக் காசு போனது. இரண்டாம் தவணை வலைக்கும் கயிற்றுக்கும். வாடை ஓய்ந்து தொழில் தொடங்க முதல் போய்ச்சேர வேணும். தம்பி, உங்கட பங்கு இன்னும் வரவில்லை என்று பொருளாளர் சொன்னார்.

அன்புடன்,
பாலையூற்று அண்ணன், பேர்கனிலிருந்து