கன்றின் அட்டையில் ‘ரத்தம்’ என்று போடலாமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
அன்பர்களுக்கு வணக்கம். பாலக்காட்டு எல்லையில் உள்ள எங்கள் ஊர்ப் பால் சங்கத்துக்காகக் கன்றுப் பதிவு அட்டை ஒன்றை மலையாளத்திலிருந்து தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். காளை எண், தாய், ஈற்று எல்லாம் முடிந்தன. ஒரு கட்டம் மட்டும் நிற்கிறது: கன்றில் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் போன்ற வெளிநாட்டு இனத்தின் பங்கு எத்தனை விழுக்காடு என்பது. பால் ஊற்ற வருகிறவர்கள், “உன் கிடேரி எத்தனை ரத்தம்?” என்றுதான் கேட்கிறார்கள். அதை அச்சில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. காளையின் ரத்தம் ஒரு சொட்டுகூடக் கன்றுக்குப் போவதில்லையே! கலப்பினத்தைக் குறிக்கும் மலையாளத்தின் ‘சங்கரயினம்’ என்பதை அப்படியே எழுதிக் காட்டினேன். “சங்கரன் இனம் என்றால் நந்தியா?” என்று கேட்டார் ஒரு பெரியவர்.

மதுரையிலிருந்து:
இரத்தம் வடசொல். ‘அயற்குருதி’ என்க. ‘குருவும் கெழுவும் நிறனா கும்மே’ என்பது தொல்காப்பியம். குரு என்னும் நிறச்சொல்லிலிருந்து பிறந்ததே குருதி. குருத்தும் அதே வேர் என்பது என் கணிப்பு. குருத்து இளமை, கன்றும் இளமை. ஆகவே சொல் இருவழியிலும் பொருந்துகிறது.

சித்தூரிலிருந்து (பாலக்காட்டுச் சித்தூர்):
ஐயா, குருத்து இருக்கட்டும். இங்கே வீட்டில் தமிழ், சந்தையில் மலையாளம். மலையாளத்தில் குருதி என்றால் பலி. ‘அயற்குருதி 75’ என்று அட்டையில் கண்டால், கன்றைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டதாகத்தான் நினைப்பார்கள்.

மூணாற்றிலிருந்து:
இரத்தமே வேண்டாம். மரபணு என்று எல்லோரும் எழுதுகிறோம், ‘அயல்மரபு’ போதும். 1963இல் இந்திய-சுவிஸ் திட்டம் தொடங்கிய மாட்டுப்பெட்டி எங்களுக்குப் பக்கம். நாட்டு மாட்டோடு பிரவுன் சுவிஸைச் சேர்த்து, பின்னர் ஜெர்சியையும் ஹோல்ஸ்டீனையும் கலந்து வளர்த்ததுதான் சுனந்தினி. மாட்டுப்பட்டி எப்போது பெட்டியானது என்பதையும் யாராவது சொல்லுங்கள். பட்டி என்றால் தொழுவம். பெட்டியில் யார் மாடு கட்டுவார்கள்?

மதுரையிலிருந்து:
பட்டிதான். ஐயமே இல்லை. இதற்குத் தனி இழை தொடங்கலாம்.

சித்தூரிலிருந்து:
தனி இழை வெள்ளிக்குப் பிறகு. ‘அயல்மரபு கொண்ட மாடு’ என்றால் கத்தியும் முட்கரண்டியும் வைத்துத் தின்னுமோ என்று தோன்றுகிறது.

பொள்ளாச்சியிலிருந்து (ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன்):
சொல் எதுவானாலும் கணக்கு விளங்க வேண்டும். தாயின் பங்கையும் தகப்பனின் பங்கையும் கூட்டிப் பாதியாக்கினால் கன்றின் பங்கு. நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி ஊசி போட்டால் 50. பிறந்த கிடேரிக்கு மறுபடி ஜெர்சி போட்டால் 75. அந்த 75 உள்ள கன்று வளர்ந்தபின் அதற்கு 50 உள்ள காளையின் உறைவிந்தைப் போட்டால் 62.5. 62.5க்கு மேல் ஏற்றாதீர்கள் என்பதுதான் நெடுங்காலமாகச் சொல்லப்படும் அறிவுரை. மூணாற்றுக் குளிரில் தாங்கும் மாடு கொழிஞ்சாம்பாறையின் மார்ச் வெயிலில் வாய் பிளந்து, எச்சில் ஒழுக இரைக்கும். தீனி குறையும், பால் குறையும், சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். ஆகவே இந்தக் கட்டம் அலங்காரத்துக்கு அல்ல.

தஞ்சாவூரிலிருந்து:
62.5 என்றால் எட்டில் ஐந்து. ‘அரையே அரைக்கால்’ என்று வாய்ப்பாட்டில் பாட்டனார் காலத்திலிருந்தே இருக்கிறது! 75 முக்கால், 87.5 முக்காலே அரைக்கால். சதவீதக் குறியே தேவையில்லை. ‘முக்கால் ஜெர்சி’ என்றால் புரியாதவர் யார்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
அழகுதான் அண்ணா. ஆனால் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரைக்கால் என்றால் கால்சட்டை. ‘சீமைப் பங்கு’ என்று போடட்டுமா? சீமை ஓடு, சீமை எண்ணெய் போலச் சீமை மாடு என்பது எங்கள் பாட்டிமாருக்கும் தெரியும்.

மதுரையிலிருந்து:
சீமை ‘சீமா’ என்னும் வடசொல்லின் திரிபு. எல்லை என்று பொருள்.

சித்தூரிலிருந்து:
எல்லையில் இருப்பவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா? என் வாக்கு சீமைக்கு.

பொள்ளாச்சியிலிருந்து:
எனக்கு உடன்பாடில்லை. சாகிவால் காளைக்குப் பிறந்த கன்றை என்ன செய்வீர்கள்? அது பஞ்சாப் இனம். சீமையும் இல்லை, உள்ளூரும் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. நாட்டுப் பசுவுக்கும் ஜெர்சிக்கும் பிறந்த முதல் கலப்புக் கன்றில் பங்கு சரிபாதி, கலப்பின வீரியமும் (கலப்பால் கிடைக்கும் கூடுதல் வலு) முழுமை. அப்படிப்பட்ட இரண்டைத் தமக்குள் சேர்த்தால் பிறக்கும் கன்றுகளின் சராசரியும் 50தான். ஆனால் வீரியம் பாதியாகிவிடும், ஒவ்வொரு கன்றின் உண்மையான பங்கும் கொஞ்சம் ஏறி இறங்கும். இரண்டு கன்றின் அட்டையிலும் ‘50’ என்றே எழுதுவீர்கள். வாங்குகிறவன் இரண்டுக்கும் ஒரே விலை கொடுப்பான்.

தஞ்சாவூரிலிருந்து:
அப்படியானால் இன்னொரு கட்டம் வேண்டும். அதற்கு என்ன சொல்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
இன்று வெள்ளி. ‘தலைக்கலப்பு’, ‘மறுகலப்பு’ என்று இரண்டு சொற்களைக் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த பதிப்பில் பார்க்கலாம். இப்போதைக்குச் சீமைப் பங்குக்கு மூன்று வாக்கு. அச்சகத்தில், கட்டம் சிறியது, ‘ரத்தம்’ என்றால் ஒரே வரியில் அடங்கும் என்கிறார்கள். எழுத்தைச் சிறிதாக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மதுரையிலிருந்து:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.