மறு: ‘இன் ஆஃப் கோர்ட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

‘இன் ஆஃப் கோர்ட்’ என்பது இங்கிலாந்தில் பாரிஸ்டர், அதாவது நீதிமன்றத்தில் வாதாடும் வழக்குரைஞர், ஆவதற்குச் சேர வேண்டிய பழைய லண்டன் அமைப்பு; அப்படி நான்கு உண்டு. அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதாமல், வந்த பரிந்துரைகளுக்கெல்லாம் சேர்த்தே பதில் போடுகிறேன்.

> ‘நீதிமன்ற விடுதி’ என்றே வைத்துக்கொள்ளலாமே? நேர்ப் பொருள்தானே?

வேண்டாம். வ.வே.சு. ஐயர் இந்த நான்கில் ஒன்றான லிங்கன்ஸ் இன்னில் சட்டம் படித்தார். அதை ‘நீதிமன்ற விடுதியில் படித்தார்’ என்று எழுதிப் பாருங்கள். வாய்தாவுக்கு வந்தவர் இரவு தங்க ரூம் போட்ட மாதிரி இருக்கிறது. ‘இன்’ என்றால் அந்தக் காலத்து ஆங்கிலத்தில் பெரிய வீடு, பிரபுக்கள் நகரத்தில் வைத்திருந்த மாளிகை. சட்டம் பழகியவர்கள் அப்படிப்பட்ட வீடுகளில் கூட்டாகத் தங்கி, ஒரே கூடத்தில் சாப்பிட்டு, மூத்தவர்களிடம் தொழில் கற்றார்கள். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அப்போது சொல்லிக்கொடுத்தது ரோமானியச் சட்டமும் திருச்சபைச் சட்டமும்தான். மன்னரின் நீதிமன்றங்களில் வழங்கிய பொதுச்சட்டத்தைக் கற்க வேண்டுமென்றால் வெஸ்ட்மின்ஸ்டருக்குப் பக்கத்தில் இருந்து வழக்கு நடப்பதைப் பார்த்தாக வேண்டும். இந்த வீடுகள் லண்டன் நகரத்துக்கும் வெஸ்ட்மின்ஸ்டருக்கும் இடையில் முளைத்தது அதனால்தான். லிங்கன்ஸ் இன்னின் ‘கறுப்புப் புத்தகங்கள்’ என்னும் நடவடிக்கைக் குறிப்பேடுகள் 1422இல் தொடங்குகின்றன.

> வழக்குரைஞர் சங்கம்

அந்தப் பெயரில் நம் ஊர் நீதிமன்ற வளாகங்களில் ஏற்கெனவே பலகை தொங்குகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், சங்கத்தில் சேர்வது வழக்குரைஞர் ஆன பிறகு. இங்கே தலைகீழ். லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்ற நான்கில் ஒன்றில் சேராமல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் யாரும் பாரிஸ்டர் ஆக முடியாது. அந்தத் தகுதியை வழங்குவது இவைதான், பல்கலைக்கழகம் அல்ல. நீக்கும் அதிகாரமும் இவற்றுக்கு இருந்தது. காந்தியை 1891இல் பாரிஸ்டராக ஏற்றது இன்னர் டெம்பிள். 1922இல் அவர் ராஜதுரோக வழக்கில் தண்டனை பெற்றதும் பட்டியலிலிருந்து பெயரை அடித்ததும் அதுவே. திரும்பச் சேர்த்தது 1988இல், அவர் இறந்து நாற்பது ஆண்டு கழித்து! ‘சங்கம்’ என்ற சொல் இவ்வளவையும் தாங்காது.

> அப்படியானால் சட்டக் கல்லூரி?

கிட்டே வருகிறது, ஆனாலும் பொருந்தாது. பழைய நாளில் உரை, மாதிரி வழக்கு வாதம் எல்லாம் நடந்தன. 1640களில் உள்நாட்டுப் போர் வந்ததும் அவை நின்றன. பிறகு பெயருக்குத்தான் நடந்தன. தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தது 1872இல். நடுவில் இருநூறு ஆண்டுக்கு மேல், சேர்ந்தவர் கட்டாயம் செய்ய வேண்டியிருந்தது என்ன என்று கேட்டால், சாப்பாடு என்றுதான் சொல்ல வேண்டும். கேலி இல்லை. காந்தி காலத்தில் தேர்வு வந்துவிட்டது. அப்போதும் பன்னிரண்டு பருவங்கள் ‘காக்க’ வேண்டும், அதாவது ஒவ்வொரு பருவத்திலும் சுமார் 24 விருந்துகளில் ஆறிலாவது போய் உட்கார வேண்டும். நால்வருக்கு இரண்டு புட்டி ஒயின் வைப்பார்களாம். குடிக்காத காந்தியைத் தங்கள் மேசையில் உட்காரவைக்கப் போட்டி இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். சாப்பிட்டால் தகுதி வரும் கல்லூரி எங்கே இருக்கிறது? (இப்போது பாடப் பயிற்சி, தேர்வு எல்லாம் வெளியே தனி நிறுவனங்களில். விருந்தோடு சொற்பொழிவும் பயிற்சியும் சேர்ந்து ‘தகுதி அமர்வு’ ஆகிவிட்டது.)

> மடம்

இதைப் படித்ததும் அசந்துபோனேன். யோசிக்க யோசிக்கப் பொருத்தம் கூடுகிறது. நம் ஆதீனங்களைப் போலவே தங்குமிடம், பந்தி, நூலகம், நிலபுலன், மூத்தவர் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் மரபு எல்லாம் உண்டு. ‘பெஞ்சர்’ எனப்படும் மூத்தோர் குழு புதிய பெஞ்சர்களைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. ஆனால் ஒரு வில்லங்கம். இரண்டு டெம்பிள்களும் இருப்பது உண்மையிலேயே ஒரு மடத்து நிலத்தில். டெம்ப்ளர் என்ற போர்த்துறவிகளின் இடம் அது. 1185இல் புனிதப்படுத்தப்பட்ட அவர்களுடைய வட்டக் கோயில் இன்றும் நிற்கிறது. 1608இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் நிலத்தை இரண்டு சங்கங்களுக்கும் கொடுத்தபோது, கோயிலைப் பராமரிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். ‘டெம்ப்ளர் மடத்தில் வழக்குரைஞர் மடம்’ என்று எழுதினால் படிப்பவர் யாரைத் துறவி என்று நினைப்பார்?

> சட்டமனை

‘மனை’ சரி, ‘சட்ட’ சரியில்லை. வேகமாகப் படிப்பவர் கண்ணுக்குச் சட்டமன்றம் என்றுதான் தெரியும். செய்தித்தாளில் பிழைதிருத்துபவரே ‘திருத்தி’விடுவார்.

எனவே என் பரிந்துரை: வழக்குரைமனை.

‘மனை’ வீட்டையும் குறிக்கும், மருத்துவமனை, பணிமனை என்று நிறுவனத்தையும் குறிக்கும். இங்கே இரண்டும் வேண்டும். ஏனென்றால் இது உறுப்பினர் பட்டியல் மட்டுமல்ல, ஓர் இடமும்கூட. இரண்டு டெம்பிள்களும் இன்றும் பல காரியங்களுக்குத் தங்கள் எல்லைக்குள் உள்ளாட்சி அமைப்புகளாகவே இயங்குகின்றன. ‘வழக்குரை’ புதிதாகச் செய்ததல்ல, கண்ணகி வாதாடும் காதைக்கே அந்தப் பெயர்தான். ‘மனை என்றால் பிளாட் விற்பனை ஞாபகம் வருகிறது’ என்று யாராவது சொல்வீர்கள். தனியாக நின்றால் வரும், கூட்டுச்சொல்லில் வராது.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

“முத்து குமாரசுவாமியை 1863இல் லிங்கன்ஸ் இன் வழக்குரைமனை பாரிஸ்டராக ஏற்றது.”

“1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே வழக்குரைமனைகள் பெண்களைச் சேர்த்தன.”

இரண்டும் உறுத்தவில்லை. பெஞ்சருக்கு ‘மனைமூத்தோர்’ எனலாம். நான்கின் தனிப்பெயர்களை அப்படியே விட்டுவிடுவோம். இன்னர் டெம்பிளை ‘உட்கோயில்’ ஆக்க வேண்டாம், ப்ளீஸ்.

மிச்சம் இருப்பது ‘இன் ஆஃப் சான்சரி’ (சான்சரி என்பது மன்னரின் ஆவணச் செயலகம்). இவற்றுக்குக் கீழே தயாரிப்புப் பள்ளிகள்போல இருந்தவை. பிறகு நீதிமன்றத்துக்கு வெளியே சட்ட வேலை பார்க்கும் சொலிசிட்டர்கள் கைக்குப் போய், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் ஒவ்வொன்றாக மறைந்தன. ‘இளநிலை வழக்குரைமனை’ என்றால் வேலை விளங்குகிறது, சான்சரி காணாமல் போகிறது. ‘சான்சரி மனை’ என்றால் தலைகீழ். எனக்கு இரண்டாவதில் சாய்வு. பாரிஸ்டராக ஏற்பதைக் குறிக்கும் ‘கால் டு தி பார்’ பற்றித் தனி இழை தொடங்குங்கள், இதில் கலந்தால் இரண்டுமே முடியாது.