சுட்ட பச்சை மிளகாயும் ஞாயிற்றுக்கிழமை ஸ்டூவும்: எங்கள் குடும்பக் குழு உரையாடல்

நான்: எல்லோருக்கும் வணக்கம். இன்று காலை நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகர்க்கி நகரில் எங்கள் வீட்டருகே உள்ள மளிகைக் கடை வாசலில் ஹாட்ச் பச்சை மிளகாயை மூட்டை மூட்டையாகச் சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கம்பி வலையாலான பெரிய உருளைக்குள் மிளகாயைக் கொட்டி, கீழே எரிவாயுத் தீயைச் சீறவிட்டுச் சுழற்றும்போது தோல் கருகிச் சருகாகப் பறந்தது. அந்த வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. நானும் 25 பவுண்டு மூட்டை ஒன்றைச் சுடச் சொல்லி வாங்கி வந்திருக்கிறேன். ஞாயிறன்று பக்கத்து வீட்டாரை மதிய உணவுக்கு அழைத்திருப்பதால், பச்சை மிளகாய் ஸ்டூ செய்ய விரும்புகிறேன். சித்தி, எங்கிருந்து தொடங்க வேண்டும்?

லாஸ் குரூசஸ் சித்தி: ஸ்டூவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அந்தப் பையைக் கவனி. சுட்ட சூட்டோடு பையில் கட்டித் தருவது, மிளகாய் தன் ஆவியிலேயே புழுங்கித் தோல் கழன்று வர வேண்டும் என்பதற்காகத்தான்; அதற்குச் சிறிது நேரம் போதும். இது புளிப்பில்லாத காய் என்பதால், வெதுவெதுப்பான ஈரத்தில் நெடுநேரம் கிடந்தால் கிருமிகள் பெருக இடமாகிவிடும். ஆகவே சுட்டு இரண்டு மணி நேரத்துக்குள் உரித்துவிடு, இல்லையென்றால் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடு.

நான்: சுட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போதே பையைப் பிரித்துத் தாம்பாளத்தில் பரப்பிவிட்டேன்.

லாஸ் குரூசஸ் சித்தி: நல்லது. இனிக் கையுறை போட்டுக்கொள். காம்பைப் பிடித்துக்கொண்டு, கருகிய தோலைப் பெருவிரலால் மேலிருந்து கீழாக ஒருமுறை வழித்தால் முழு நீளத்துக்கும் உரிந்து வரும். கருகாமல் பச்சையாக ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தைக் கத்தி முனையால் நெம்பி எடுத்துவிடு. பிறகு காம்பைத் திருகி இழுத்தால் விதைக்கொத்தும் கூடவே வந்துவிடும். எந்தக் காரணம் கொண்டும் குழாய் நீரில் காட்டிக் கழுவாதே. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து விரல்களை மட்டும் நனைத்துக்கொள். மிளகாயின் மேல் வழுவழுப்பாக ஒரு சாறு ஊறியிருக்கும். சுட்ட மணமெல்லாம் அதில்தான் இருக்கிறது, கழுவினால் அது முழுவதும் சாக்கடைக்குப் போய்விடும். அங்கங்கே இரண்டு கரும்புள்ளிகள் ஒட்டியிருந்தால் இருக்கட்டும்.

மதுரை மாமா: படத்தைப் பார்த்தால் நம் ஊரில் பஜ்ஜி போட வாங்கும் நீள மிளகாயைப் போலவே இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா, அல்லது அந்த ஊருக்கென்று தனி வகையா?

சித்தப்பா: இரண்டும் காப்சிகம் அன்னூவம் என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்தவைதான் மச்சான், ஆனால் வளர்ந்த வழி வேறு. மெக்சிகோவில் பிறந்து சிறு வயதிலேயே நியூ மெக்சிகோவுக்கு வந்த பாபியான் கார்சியா என்னும் தோட்டக்கலை அறிஞர், எங்கள் லாஸ் குரூசஸில் இன்று நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகமாக இருக்கும் கல்லூரியில் பல ஆண்டுகள் உழைத்து, 1921-இல் நியூ மெக்சிகோ நம்பர் 9 என்ற வகையை வெளியிட்டார். அதற்கு முன் ஒரே வயலில் ஒரு செடியின் காய் குட்டையாகவும் இன்னொன்றின் காய் நீளமாகவும், ஒன்று சப்பென்றும் மற்றொன்று நெருப்பாகவும் இருந்தன. சதைப்பற்றோடு, மடிப்பில்லாத வழுவழுப்பான தோலோடு, நுனி நோக்கிச் சீராகக் குறுகி, எல்லோரும் உண்ணத்தக்க மிதமான காரத்தோடு இருக்கும் காய்தான் அவருடைய நோக்கம். தோல் மடிந்து கிடந்தால் தீ எல்லா இடத்திலும் படாது, உரிக்கவும் முடியாது என்பதை இப்போது உன் தாம்பாளத்திலேயே பார்க்கலாம் மகளே. பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் ராய் நகயாமா 1975-இல் வெளியிட்ட நியூமெக்ஸ் பிக் ஜிம் என்ற வகை ஓரடி நீளம்கூட வளரும். இன்று நீ வாங்கியிருப்பது அதுவாகவோ, சான்டியா வகையாகவோ இருக்கலாம்.

டாலஸ் அண்ணி: எங்கள் ஊர்க் கடைகளிலும் ஆகஸ்டு பிறந்துவிட்டால் ஹாட்ச் மிளகாய் என்று பலகை வைத்துவிடுகிறார்கள். ஹாட்ச் என்பது வகையின் பெயர் என்றே இதுவரை நினைத்திருந்தேன்.

சித்தப்பா: ஹாட்ச் என்பது ரியோ கிராண்டே ஆற்றங்கரையில், எங்கள் வீட்டிலிருந்து வடக்கே உள்ள சிற்றூர். அந்தப் பள்ளத்தாக்கில் விளையும் பல வகைகளுக்கும் ஊர்ப் பெயரே வழங்குகிறது. வெளியூர் மிளகாயை இந்தப் பெயரில் விற்பது உழவர்களின் வயிற்றில் அடிப்பதாயிற்றே என்பதால், நியூ மெக்சிகோவில் விளையாததை நியூ மெக்சிகோ மிளகாய் என்று விளம்பரப்படுத்தக் கூடாது என்று 2011-இல் இம்மாநிலம் சட்டமே இயற்றியது. தண்ணீர்ப் பற்றாக்குறையோடும் ஆள் பற்றாக்குறையோடும் போராடி, கையால் பறித்துச் சந்தைக்குக் கொண்டுவருபவர்களுக்கு இந்தப் பாதுகாப்பாவது வேண்டும் என்பதே என் கருத்து. வாங்கும்போது எந்தப் பண்ணையில் விளைந்தது என்று கேட்டு வாங்கு.

மதுரை மாமா: சரி, ஸ்டூவுக்கு வருவோம். நான் செய்வதென்றால் கறியில் மஞ்சள்தூள், மல்லித்தூள், சிறிது கரம் மசாலா சேர்த்துக் கடைசியில் இந்த மிளகாயைக் கீறிப் போடுவேன்.

லாஸ் குரூசஸ் சித்தி: அண்ணா, அப்படிச் செய்தால் அது சுவையான கறிக்குழம்பாக இருக்கும், ஆனால் இந்த மிளகாய்க்கு அதில் வேலையே இருக்காது. நாம் மிளகாயைக் காரத்துக்காகச் சேர்க்கிறோம். இங்குள்ளவர்கள் அதைக் காயாகச் சமைக்கிறார்கள். ஒரு கிலோ கறிக்கு அரைக் கிலோவுக்குக் குறையாமல் உரித்த மிளகாய் போகும். நாம் சுட்ட கத்தரிக்காயைப் பிசைந்து கொத்சு செய்யும்போது கத்தரிக்காயின் புகைமணம் முன்னால் நிற்கவேண்டும் என்று மற்றவற்றைக் குறைத்துக்கொள்கிறோம் அல்லவா, அதே கணக்குதான் இதற்கும். கரம் மசாலா அந்த மணத்தை விழுங்கிவிடும். வெங்காயம், பூண்டு, உப்பு, விருப்பமிருந்தால் ஒரு சிட்டிகை மெக்சிகன் ஓரிகானோ என்னும் மணமூட்டும் காய்ந்த இலை என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

டாலஸ் அண்ணி: சீரகமும் தக்காளியும் வேண்டாமா சித்தி? இங்கே இரண்டையும் சேர்க்கிறார்கள்.

லாஸ் குரூசஸ் சித்தி: நியூ மெக்சிகோவிலும் சேர்க்கும் வீடுகள் உண்டு, அதனால் தவறென்று சொல்லமாட்டேன். என் கைப்பக்குவத்தில் தக்காளி இல்லை. அதன் புளிப்பு வந்துவிட்டால் மிளகாயின் இனிப்பு மங்கிவிடுகிறது. சீரகத்தை அரைத் தேக்கரண்டிக்கு மேல் போகவிடாதே.

நான்: கறியைப் பற்றிச் சொல்லுங்கள் சித்தி. இங்கே பன்றிக்கறியில்தான் செய்கிறார்கள், ஆனால் எங்கள் வீட்டில் இவர் ஆட்டுக்கறி மட்டுமே உண்பார்.

லாஸ் குரூசஸ் சித்தி: பன்றியின் தோள்பகுதிதான் வழக்கம், கொழுப்பும் நாரும் கலந்திருப்பதால் வேகவேகக் குழைந்து சாறு கெட்டிப்படும். ஆட்டுக்கறியிலும் தாராளமாகச் செய்யலாம். இங்குள்ள பூர்வகுடிகளான நவஹோ மக்கள் தலைமுறைகளாகச் செம்மறி வளர்ப்பவர்கள். அவர்கள் வீடுகளில் ஆட்டுக்கறி ஸ்டூ இல்லாத விருந்து அரிது, ஆகவே உன் அடுப்பில் அது வேற்றுப்பண்டம் ஆகிவிடாது. தோள்கறியாக வாங்கி, ஓர் அங்குலத் துண்டுகளாக்கி, ஈரமில்லாமல் துடைத்து உப்பு தடவு. கனத்த பாத்திரத்தில் எண்ணெய் நன்றாகச் சூடேறியதும் துண்டுகளை நெருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒரு பக்கம் காப்பிப்பொடி நிறத்துக்குச் சிவக்கும்வரை கிளறாமல் விடு. நெருக்கிப் போட்டால் நீர்விட்டு வெந்துபோகும், சிவக்காது. எல்லாம் சிவந்ததும் கறியை எடுத்துவிட்டு, அதே பாத்திரத்தில் இரண்டு பெரிய வெங்காயத்தையும் ஆறேழு பல் பூண்டையும் வதக்கி, அடியில் பிடித்திருக்கும் பழுப்பைச் சிறிது தண்ணீர் தெளித்துச் சுரண்டிக் கலந்துவிடு. பிறகு கறியையும், நறுக்கிய மிளகாயில் முக்கால் பங்கையும் சேர்த்து, மூழ்கும் அளவுக்கு எலும்புச்சாறு ஊற்றி, சிறுதீயில் கொதிக்கவிடு. கறி முக்கால்வாசி வெந்தபின் நான்கு உருளைக்கிழங்கைத் துண்டுகளாகப் போடு. மிச்சமிருக்கும் கால் பங்கு மிளகாயை இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்பாகச் சேர். முதலில் போட்டது கரைந்து குழம்புக்கு உடம்பைத் தரும். கடைசியில் போட்டது வாயில் துண்டாக அகப்பட்டுச் சுட்ட மணத்தைத் தரும்.

சித்தப்பா: அல்புகர்க்கி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் சுமார் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். நம் ஊரில் ஒரு மணி நேரத்தில் வேகும் கறிக்கும் பயற்றுக்கும் அங்கே கூடுதல் நேரம் பிடிக்கும். அதற்காகத் தீயைக் கூட்டினால் நீர் வற்றுமே தவிர விரைவில் வேகாது. ஆட்டுக்கறி முற்றலாக இருந்தால் குக்கரில் முதல் வேக்காட்டை முடித்துக்கொண்டு, கிழங்கு சேர்த்தபின் திறந்த பாத்திரத்துக்கு மாற்றுவது நல்லது.

பெரியம்மா: கறி சாப்பிடாதவர்களுக்கு அந்த ஊரில் ஒன்றுமே கிடையாதா? கார்த்திகைக்குப் பிறகு நான் அங்கு வந்து ஒரு மாதம் தங்கப்போகிறேன் என்பதை யாரும் மறந்துவிட வேண்டாம்.

லாஸ் குரூசஸ் சித்தி: மறப்போமா அக்கா? உங்களுக்கென்றே கலபசீத்தாஸ் இருக்கிறது. பிஞ்சுச் சுரைக்காய் போன்ற சுக்கினியையும், மஞ்சள் பூசணிப் பிஞ்சையும், இளம் மக்காச்சோள மணிகளையும் வெங்காயத்தோடு வதக்கி, சுட்ட மிளகாய் சேர்த்து, இறக்கும்போது பாலாடைக்கட்டியைத் துருவிப் போடுவார்கள். மக்காச்சோளமும் பூசணியும் பயறும் ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே இங்குள்ள பூர்வகுடிகளான புவெப்லோ மக்கள் பயிரிட்டு உண்டவை. பிண்டோ பயற்றை இரவே ஊறவைத்துக் குக்கரில் மலர வேகவைத்து, உப்பும் மிளகாயும் மட்டும் சேர்த்தால் இரவு உணவுக்கு அதுவே போதும். இன்னொன்று பொசோலே, முற்றிய மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத் தோல் நீக்கிய முத்துகளைக் கொண்டு செய்வது. சுண்ணாம்பு நீரில் வெந்தால்தான் சோளத்தில் கட்டுண்டிருக்கும் நயாசின் சத்து நம் உடம்பில் சேரும். வழக்கமாக அதிலும் பன்றிக்கறி உண்டு, ஆனால் கறியில்லாமல் மிளகாயும் பூண்டும் போட்டு உங்களுக்குச் செய்து தருகிறேன்.

பெரியம்மா: அதுபோதும். எனக்கு மிளகாயைக் கொஞ்சம் குறைத்துப் போடு.

நான்: சித்தி, ஒரு சந்தேகம். நடுத்தரக் காரம் என்று கேட்டுத்தான் வாங்கினேன். உரித்துக்கொண்டே சுவைத்துப் பார்த்ததில், ஒன்று குடைமிளகாயைப் போல் இனிக்கிறது, அடுத்தது நாக்கைச் சுடுகிறது. ஞாயிறன்று சிறுபிள்ளைகளும் வருகிறார்கள்.

சித்தப்பா: ஒரே வயலில், ஏன், ஒரே செடியில்கூடக் காய்க்குக் காய் காரம் மாறும். வெயிலும் நீர்த்தட்டுப்பாடும் கூடினால் காரமும் கூடும். காரம் உருவாவது விதையில் அன்று, விதைகள் ஒட்டியிருக்கும் வெளிர்நிற நரம்பில். அதைத் தொட்டுக்கொண்டிருப்பதால்தான் விதையும் உறைக்கிறது.

லாஸ் குரூசஸ் சித்தி: ஆகவே உறைப்பானவற்றில் அந்த நரம்பைக் கத்தியின் முதுகால் வழித்து எடுத்துவிடு, சதையின் சுவை குறையாது. இரண்டு கிண்ணங்கள் வைத்துக்கொண்டு, நுனியைச் சிறிது கிள்ளிச் சுவைத்துக் காரமானதை ஒன்றிலும் இனிப்பானதை மற்றொன்றிலும் போடு. ஆனால் காம்பை ஒட்டிய பகுதியில்தான் காரம் மிகுதி என்பதால், ஐயமிருந்தால் அங்கும் ஒரு துளி சுவைத்துப் பார். ஸ்டூவை இனிப்பான மிளகாயில் செய்துவிட்டு, காரமானதைப் பூண்டோடு நறுக்கித் தனியாக மேசையில் வை, வேண்டியவர்கள் கலந்துகொள்ளட்டும். பிள்ளைகளுக்கு உறைத்தால் தண்ணீர் கொடுக்காதே, பால் அல்லது தயிர் கொடு.

டாலஸ் அண்ணி: 25 பவுண்டையும் ஒரே நாளில் எப்படித் தீர்ப்பது?

லாஸ் குரூசஸ் சித்தி: தீர்க்கவே கூடாது, ஓராண்டுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கு வேண்டியதை மட்டும் உரித்துக்கொண்டு, மற்றவற்றைத் தோலோடே சிறு சிறு பைகளில் காற்றை வெளியேற்றித் தட்டையாக அடுக்கி உறைபெட்டியில் வைத்துவிடலாம். உறைந்து இளகும்போது தோல் தானாகவே வழுக்கிக்கொண்டு வரும், மணமும் குறையாது. கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து அலமாரியில் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. புளிப்பில்லாத காயை வெறும் கொதிநீரில் வைத்து அடைத்தால் பொட்டுலிசம் என்னும் உயிருக்கே ஆபத்தான நச்சுநோய் உண்டாகலாம். அதற்கென்றே உள்ள அழுத்தக் கலனும், ஊரின் உயரத்துக்கேற்ற அழுத்தமும் தேவை.

மதுரை மாமா: தொட்டுக்கொள்ளச் சோறா, ரொட்டியா?

லாஸ் குரூசஸ் சித்தி: சப்பாத்தி போன்ற கோதுமை டார்ட்டியாவைத் தோசைக்கல்லில் போட்டு, கொப்புளம் வரும்வரை சுட்டு, துணியில் மூடி வைத்தால் போதும். விருந்தாளிகளில் உள்ளூர்க்காரர்கள் இருந்தால், இங்கே உணவகம்தோறும் கேட்கும் கேள்வியை உன்னிடமும் கேட்பார்கள்: சிவப்பா, பச்சையா? 1996-இல் அதை மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வியாகவே அறிவித்துவிட்டார்கள். இதே மிளகாய் செடியில் பழுத்துக் காய்ந்தால் அதுதான் சிவப்பு; இரண்டும் வேண்டுமென்றால் கிறிஸ்துமஸ் என்று சொல்ல வேண்டும்.

சித்தப்பா: 2023-இல் சுட்ட பச்சை மிளகாயின் வாசனையை மாநில வாசனையாகவும் அறிவித்திருக்கிறார்கள். இன்று காலை உன்னைக் கடைக்குள் இழுத்தது அதுதான் மகளே.

நான்: பாதி உரித்துவிட்டேன், மீதியைத் தோலோடு பைகளில் போட்டுக்கொண்டிருக்கிறேன். கடைசியாக ஒன்று: ஸ்டூவைச் சனிக்கிழமை மாலையே செய்து வைத்துவிடலாமா?

லாஸ் குரூசஸ் சித்தி: செய்யலாம், மறுநாள் சுவை இன்னும் கூடும். ஆனால் சனிக்கிழமை கறி வெந்ததோடு நிறுத்தி, ஆழமில்லாத பாத்திரத்துக்கு மாற்றி ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வை. உருளைக்கிழங்கையும் அந்தக் கால் பங்கு மிளகாயையும் ஞாயிறு காலை சூடாக்கும்போது சேர்த்துக்கொள். குழம்பு நீர்த்திருந்தால் மாவு கரைத்து ஊற்றாதே. வெந்த கிழங்கில் நான்கைந்து துண்டுகளைக் கரண்டியால் பாத்திரத்தின் ஓரத்தில் மசித்துவிடு. உப்பை இறக்கும் நேரத்தில் பார்த்துக்கொள், எலும்புச்சாற்றிலும் உப்பு இருக்கும்.