கண்டெய்னரில் ஜாவா மைக்ரோசர்வீஸ் ஏற்றியபோது உங்கள் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம்: பகிருங்கள்

அடையாறு

நானே ஆரம்பிக்கிறேன். ஸ்பிரிங் பூட் (ஜாவா சர்வீஸ் எழுத உதவும் ஃபிரேம்வொர்க்), ஜாவா 11, கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்நெட்டிஸ். சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் ஆர்டர் சர்வீஸ். பாடு (கண்டெய்னர் ஓடும் அலகு) ஒன்றுக்கு 2 ஜிபி மெமரி லிமிட். அதில் எத்தனை சதவீதம் வரை ஹீப்புக்கு (ஜாவா ஆப்ஜெக்டுகள் இருக்கும் மெமரிக்கு) என்று சொல்லும் மேக்ஸ் ரேம் பர்சன்டேஜ் 75. வருஷக்கணக்காக எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடிய அமைப்பு. திடீரென்று ஒரு வாரம், சாயங்காலம் ஆர்டர்கள் குவியும் நேரத்தில் பாடுகள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன.

இன்னமும் என் கண்ணில் நிற்பது அந்த லாக்தான். 'ஆர்டர் பெறப்பட்டது' என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரி ஸ்பிரிங் பூட்டின் பேனர். நடுவில் ஒன்றுமே இல்லை. எக்செப்ஷன் இல்லை, அவுட் ஆஃப் மெமரி எரர் இல்லை, ஹீப் டம்ப் இல்லை. பாடின் நிலையைக் காட்டும் டிஸ்கிரைப் போட்டுப் பார்த்தால் ஓஓஎம் கில்டு (மெமரி வரம்பு மீறியதால் கொல்லப்பட்டது), எக்சிட் கோடு 137. அதாவது 128 கூட்டல் 9. லினக்ஸின் மையமான கெர்னல் நேரடியாக சிக்னல் 9 (சிக்கில், உடனே கொல்லும் சிக்னல்) அனுப்பி ஆளை முடித்திருக்கிறது. தனக்கு என்ன நடக்கிறது என்றே ஜாவாவுக்குத் தெரியாதபோது அது எங்கிருந்து லாக் எழுதும்?

கோடு மாறவில்லை. இமேஜ் (கண்டெய்னர் கிளம்பும் கோப்புக் கட்டு) மாறவில்லை. லிமிட்டும் மாறவில்லை. மெமரி லீக்தான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கடைசியில் பாடுக்குள் நுழைந்து, ஜாவாவின் அமைப்புகளைக் காட்டும் பிரிண்ட் ஃப்ளாக்ஸ் ஃபைனல் போட்டு, மேக்ஸ் ஹீப் சைஸ் எவ்வளவு என்று பார்த்தோம். கிட்டத்தட்ட 48 ஜிபி! 2 ஜிபி லிமிட் உள்ள பாடுக்குள் 48 ஜிபி ஹீப்.

நடந்தது இதுதான். இன்ஃப்ரா குழு நோடுகளை (பாடுகள் ஓடும் சர்வர்களை) உபுண்டு 22.04க்கு மாற்றியிருந்தது. அதில், கண்டெய்னரின் மெமரி லிமிட்டை அமல்படுத்தும் கெர்னல் வசதியான சிகுரூப்பின் புதிய வடிவம், வி2தான் இயல்பாக வரும். ஜாவா 11க்கு வி2 புரிய ஆரம்பித்தது 11.0.16இல்தான். எங்கள் பேஸ் இமேஜில் (ஜாவா அடங்கிய அடித்தள இமேஜில்) இருந்தது அதற்கு முந்தையது. அதன் கண்ணுக்கு லிமிட்டே தெரியவில்லை. நோடின் 64 ஜிபியைப் பார்த்தது, அதில் 75 சதவீதத்தை எடுத்துக்கொண்டது. இவ்வளவு இடம் இருக்கும்போது கார்பேஜ் கலெக்ஷனுக்கு (பயன்படாத மெமரியை விடுவிக்கும் வேலைக்கு) என்ன அவசரம்? ஹீப் வளர்ந்துகொண்டே போய் 2 ஜிபியைத் தொட்டதும் கெர்னல் வேலையைக் காட்டிவிட்டது. பேஸ் இமேஜை மட்டும் மாற்றினோம், அன்று சாயங்காலமே நின்றுவிட்டது.

எல்லாம் இமேஜுக்குள் இருக்கிறது, எங்கே கொண்டுபோய் வைத்தாலும் ஒரே மாதிரி ஓடும் என்றுதான் புதிதாக வருகிறவர்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் கெர்னல் இமேஜுக்குள் இல்லை. இதைப் பாடத்தில் எங்கேயும் அழுத்திச் சொல்வதில்லையே என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

இறுதியாண்டு

அண்ணா, உங்கள் அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை, ஆனால் எனக்கு இது மறக்கவே மாட்டேன் என்கிறது. கல்லூரி புராஜெக்ட். கான்ஃபிக் சர்வர், யுரேகா (சர்வீஸ்களின் முகவரிப் பதிவேடு), கேட்வே, மூன்று சர்வீஸ், ஒரு மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ். எல்லாமே ஒரே கம்போஸ் கோப்பில் (எல்லா கண்டெய்னரையும் சேர்த்து ஏற்றும் டாக்கர் கோப்பில்). என் லேப்டாப்பில் அத்தனை தடவை ஓட்டியும் ஒருநாள்கூடத் தகராறு செய்ததில்லை.

வைவா அன்று லேப் கணினியில் ஓட்டச் சொன்னார்கள். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். திரை முழுக்க கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு. மூன்று சர்வீஸும் ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன. எது எதற்குப் பிறகு கிளம்ப வேண்டும் என்று சொல்லும் டிபெண்ட்ஸ் ஆன் சரியாகத்தான் இருந்தது. எக்ஸாமினர் கோபப்படவில்லை. "இன்னொரு தடவை ஏத்திப் பாருங்கம்மா" என்றார். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் மறுபடி ஏற்றினேன். எல்லாம் பச்சையாக வந்துவிட்டது! "ஏன் இப்போ வந்துச்சு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மார்க் வந்துவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் கூடவே வருகிறது.

பழைய ஜாவாக்காரர்

தங்கச்சி, உன் கேள்விக்குப் பதில் இருக்கிறது. லேப் கணினியில் வால்யூம் (டேட்டாபேஸ் தகவலைச் சேமிக்கும் இடம்) காலியாக இருந்திருக்கும். மைஎஸ்கியூஎல் முதல்முறை எழும்போது டேட்டா டைரக்டரியை உருவாக்கி, ஒரு தற்காலிக சர்வரை எழுப்பி, டேட்டாபேஸ், யூசர் எல்லாம் போட்டு, அதை நிறுத்திவிட்டு, அப்புறம்தான் நிஜமான சர்வரை எழுப்பும். உன் சர்வீஸ் அதற்குள் கதவைத் தட்டித் தோற்றுப்போய்விட்டது. இரண்டாம் தடவை வால்யூம் தயார், சட்டென்று எழுந்துவிட்டது. உன் லேப்டாப்பில் வால்யூம் எப்போதோ உருவாகிவிட்டதால் நீ இதைப் பார்த்திருக்கவே முடியாது.

வெறும் டிபெண்ட்ஸ் ஆன் போட்டால் கண்டெய்னர் கிளம்பிவிட்டதா என்றுதான் பார்க்கும், உள்ளே இருப்பது தயாரா என்று பார்க்காது. கண்டிஷன் சர்வீஸ் ஹெல்தி என்று போட்டு, மைஎஸ்கியூஎல் பக்கம் ஒரு ஹெல்த்செக் எழுது. அதிலும் ஒன்றைக் கவனி. மைஎஸ்கியூஎல் அட்மின் பிங் கொடுக்கும்போது ஹோஸ்டை 127.0.0.1 என்று எண்ணாகவே கொடு. லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் நெட்வொர்க் இல்லாமல் சாக்கெட் கோப்பு வழியாகப் போகும், அந்தத் தற்காலிக சர்வரே பதில் சொல்லிவிடும். நெட்வொர்க்கே திறக்காத சர்வரை ஹெல்தி என்று நம்பிவிடுவாய்.

அடையாறு சாருக்கு ஒரு மறுப்பு. சிகுரூப் விளக்கம் சரி. ஆனால் எல்லாப் பழியையும் கெர்னல் மேல் போட முடியாது. எக்ஸ்எம்எக்ஸ் என்று ஹீப்பை நேரடியாக எண்ணில் கொடுத்திருந்தால், எந்த நோடில் வைத்தாலும் அந்த எண்தான். சதவீதத்தை நம்பி விட்டதால்தான் 48 ஜிபி. எண்ணில் கொடுக்கும்போதும் லிமிட் முழுவதையும் ஹீப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஹீப்புக்கு வெளியே மெட்டாஸ்பேஸ் இருக்கிறது, கோடு கேஷ் இருக்கிறது, டைரக்ட் பஃபர் இருக்கிறது. 64 பிட் லினக்ஸில் ஒரு திரெடுக்கு 1 எம்பி வரை ஸ்டாக், டாம்கேட் இயல்பாகவே 200 திரெடு வரை போகும். சின்ன பாடுக்கு 75 சதவீதம் என்பது ஆபத்து. நேட்டிவ் மெமரி டிராக்கிங்கைப் போட்டுவிட்டு, ஜேகமாண்டில் சம்மரி எடுத்துப் பாருங்கள், எது எவ்வளவு தின்கிறது என்று தெரியும். இன்னொன்று, கோர் இரண்டுக்குக் கீழேயோ மெமரி 1792 எம்பிக்குக் கீழேயோ இருந்தால் ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டும் எஞ்சின்) சொல்லாமல் கொள்ளாமல் ஒரே திரெடில் ஓடும் எளிய கார்பேஜ் கலெக்டரான சீரியல் ஜிசிக்குப் போய்விடும். வழக்கமான ஜி1 கலெக்டர் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு பலர் ட்யூன் செய்துகொண்டிருக்கிறார்கள்.

என் சம்பவம் சின்னதுதான். 512 எம்பி லிமிட், 75 சதவீதம், ஹீப் பாதிகூட நிரம்பவில்லை, 137. பிடிஎஃப் உண்டாக்கும் ஒரு லைப்ரரி ஹீப்புக்கு வெளியே மெமரியை எடுத்துக்கொண்டிருந்தது. ஹீப் கிராஃப் நேர்கோடாக அமைதியாக இருக்க, கண்டெய்னர் செத்துக்கொண்டே இருந்தது.

அடையாறு

எண்ணில் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை சார். ஒரே இமேஜை டெஸ்ட்டில் 1 ஜிபியிலும் புரொடக்ஷனில் 4 ஜிபியிலும் ஓட்டுகிறோம். லிமிட்டை உயர்த்துகிறவர் ஒருவர், ஜாவா ஆப்ஷனைப் பார்க்கிறவர் இன்னொருவர். எண்ணில் கட்டிப்போட்டால் லிமிட்டை 4 ஜிபி ஆக்கியும் ஹீப் பழைய அளவிலேயே நிற்கும், யாருக்கும் தெரியாது. அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

சிங்கைத் தமிழன்

மெமரி பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு 10 விநாடி கதை.

இங்கே ஒரு சில்லறை விற்பனை நிறுவனம். ஒவ்வொரு ரிலீஸுக்கும் பிறகு சில ஆர்டர்கள் 'நடப்பில்' என்ற நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். பணம் எடுக்கப்பட்டிருக்கும், ஸ்டாக் குறைந்திருக்காது. வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஓர் அக்கா ரிலீஸ் நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வார், மறுநாள் காலை எத்தனை ஃபோன் வரும் என்று அவருக்குத் தெரியும். எங்கள் பிரிவில் எல்லோரும் டேட்டாபேஸ் டிரான்சாக்ஷனைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

கண்டெய்னரை நிறுத்தும் டாக்கர் ஸ்டாப் கொடுத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது. எப்போது கொடுத்தாலும் அச்சுப் பிசகாமல் 10 விநாடி. உள்ளே, ஓடும் புரோசஸ்களைக் காட்டும் பிஎஸ் போட்டுப் பார்த்தேன். பிஐடி 1 ஆக, அதாவது முதல் புரோசஸாக, ஷெல் உட்கார்ந்திருக்கிறது, ஜாவா அதற்குக் கீழே. என்ட்ரிபாயிண்டில் (கண்டெய்னர் முதலில் ஓட்டும் கட்டளையில்) ஒரு ஸ்டார்ட் ஸ்கிரிப்ட், அது ஜாவாவைக் கூப்பிடுகிறது. டாக்கர் அனுப்பும் சிக்டெர்ம் (முடித்துக்கொள் என்ற சிக்னல்) ஷெல்லோடு நின்றுவிடும், ஜாவாவுக்குப் போய்ச் சேராது. 10 விநாடி காத்துவிட்டு டாக்கர் சிக்கில் அடிக்கும். பாதியில் இருந்த ஆர்டர் பாதியிலேயே போகும்.

ஸ்கிரிப்டில் ஜாவா என்ற சொல்லுக்கு முன்னால் எக்செக் என்று ஒரு சொல். அவ்வளவுதான். ஷெல் விலகி அதே பிஐடி 1இல் ஜாவா உட்கார்ந்தது. அந்த சர்வீஸ் 'ஷட்டிங் டவுன்' என்று எழுதி நான் பார்த்தது அன்றுதான். கூடவே சர்வர் ஷட்டவுனை கிரேஸ்ஃபுல் (கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு நிற்பது) ஆக்கினோம், அந்த வசதி ஸ்பிரிங் பூட் 2.3இலிருந்து இருக்கிறது. அது இயல்பாக 30 விநாடி வரை காக்கும், டாக்கர் கொடுப்பதோ 10. அதனால் கம்போஸில் ஸ்டாப் கிரேஸ் பீரியடையும் கூட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அந்த அக்கா ரிலீஸ் தேதி கேட்பதை விட்டுவிட்டார்.

கொங்கு

நான் சொல்லப்போவது நேரம் பற்றியது.

ஈரோடு பக்கம் கிராமங்களில் பால் கொள்முதல் செயலி. விடியக்காலையில் சொசைட்டிக்குப் பால் கொண்டுவந்து ஊற்றுவார்கள். லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) எல்லாம் அங்கேயே பதிவாகும். பழைய சர்வரில் நன்றாக ஓடியது. அதையே சர்வீஸ்களாகப் பிரித்து, கண்டெய்னரில் ஏற்றிக் கொடுத்தார்கள். அலுவலகத்தில் சோதித்தோம், ஒரு குறையும் இல்லை.

ஒரு மையத்தில் வயதான அம்மா ஒருவர் சீட்டை நீட்டினார். "நேத்துக் காலைல ரெண்டு தரம் ஊத்துனேன்னு இருக்குதுங்க. இன்னைக்கு ஊத்தவே இல்லைங்குது. ஒரு மாடுதானுங்க இருக்குது, ரெண்டு தரம் எப்படிங்க கறக்கும்?" சீட்டு தெளிவாக இருந்தது. முந்தின நாள் தேதியில் காலைப்பால் இரண்டு வரி. அன்றைய தேதியில் காலி. அவருக்குப் பின்னால் வரிசையில் இருந்தவர்களுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது.

காரணம் கண்டெய்னரின் கடிகாரம். பழைய சர்வர் இந்திய நேரத்தில் இருந்தது. கண்டெய்னர் யுடிசியில் (நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில்) எழுந்திருக்கிறது. லோக்கல்டேட் நவ் என்று கேட்டால், நம் காலை 5.30 வரை அது நேற்றைய தேதியைத்தான் சொல்லும். அந்த அம்மா முந்தின நாள் 5.30க்குப் பிறகு வந்திருக்கிறார், அன்றைக்கு விடியும் முன்பே வந்துவிட்டார். இரண்டும் ஒரே தேதியில் விழுந்துவிட்டன. தினமும் விடியும் முன்பே வருகிறவர்களுக்கு எல்லாப் பதிவும் ஒருநாள் பின்தள்ளிச் சீராகவே இருந்ததால் அவர்கள் கவனிக்கவில்லை. மாலைப் பாலில் இந்தச் சிக்கலே வராது. அலுவலகத்தில் அந்த நேரத்துக்கு யார் உட்கார்ந்து சோதிக்கிறார்கள்?

உடனடியாக ஜாவா ஆப்ஷனில் யூசர் டைம்சோனை ஆசியா/கொல்கத்தா என்று கொடுத்தோம். அப்புறம் கோடிலேயே தேதி எடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் சோன் ஐடியை வெளிப்படையாக எழுதினோம்.

பழைய ஜாவாக்காரர்

டைம்சோனை ஆப்ஷனில் திணிப்பது தவறான பழக்கம் தம்பி. சர்வர் எப்போதும் யுடிசியில்தான் இருக்க வேண்டும். இன்ஸ்டன்ட் ஆக (யுடிசியில் ஒரு குறிப்பிட்ட நொடியாக) சேமியுங்கள், காட்டும்போது மாற்றுங்கள். நாளைக்கு இன்னொரு சர்வீஸ் எழுதுகிறவர் அந்த ஆப்ஷனை விட்டுவிட்டால் மறுபடி இதே கதைதான். லாகில் நேரம் ஒன்று, டேட்டாபேஸில் ஒன்று என்று ஆகிவிட்டால் தேடிப் பிடிக்கவும் முடியாது. அதோடு ஷெட்யூல் செய்த வேலைகளுக்கும் சோனைத் தனியாகக் கொடுங்கள், வேலை எப்போது ஓட வேண்டும் என்று சொல்லும் கிரான் வரியை மட்டும் நம்பாதீர்கள்.

கொங்கு

லாகுக்கும் பதிவு நேரத்துக்கும் நீங்கள் சொல்வது சரிங்க. ஆனால் கொள்முதல் தேதி என்பது ஒரு நொடி அல்ல, அது சொசைட்டியின் நாள். அந்த அம்மா 'இன்னைக்குக் காலைப்பால்' என்று சொல்கிறாரே, அந்த நாள். அதை இன்ஸ்டன்டிலிருந்து ஒவ்வொரு தடவையும் கணக்கிட்டு எடுத்தால் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் ஒவ்வொரு மாதிரி எடுக்கும். அதனால் இரண்டையும் வைத்திருக்கிறோம்: பதிவான நேரம் யுடிசியில், கொள்முதல் தேதி டேபிளில் தனி நெடுவரிசையாக.

இறுதியாண்டு

பழைய ஜாவாக்காரர் அண்ணா, ரொம்ப நன்றி. வால்யூமை அழித்துவிட்டு ஏற்றிப் பார்த்தேன், அதே பிழை அப்படியே வந்தது. 127.0.0.1 போட்ட ஹெல்த்செக்கோடு ஏற்றினால் வரவில்லை.

கொங்கு அண்ணா, ஏற்கெனவே தப்பான தேதியில் விழுந்த பதிவுகளை என்ன செய்தீர்கள்?

கொங்கு

பதிவான நேரம் என்ற நெடுவரிசை யுடிசியில் தனியாக இருந்தது நல்லதாகப் போயிற்று. அதிலிருந்து தேதியைத் திரும்பக் கணக்கிட்டு, ஏற்கெனவே இருந்த கொள்முதல் தேதியோடு ஒப்பிட்டு, மாறுகிற வரிகளை மட்டும் பட்டியல் எடுத்தோம். நேராக அப்டேட் போடவில்லை. ஒவ்வொரு சொசைட்டி செயலாளரிடமும் அவரவர் பட்டியலைக் கொடுத்து, கைநோட்டோடு சரிபார்க்கச் சொன்னோம். பெரும்பாலானவர்களுக்குத் தொகை மாறவில்லை, தேதி மட்டும்தான் நகர்ந்தது. பட்டுவாடாக் காலத்தின் முதல் நாள் காலைப்பால்தான் சிக்கல், அது முந்தின பட்டுவாடாவில் சேர்ந்துவிட்டிருந்தது. இடையில் பால் விலை மாறிய மையங்களில் அந்த வரிகளுக்கு மட்டும் வித்தியாசத் தொகையை அடுத்த பட்டுவாடாவில் சேர்த்துக் கொடுத்தார்கள்.