மாடியில் சோலார் இருந்தும் கரண்ட் போனால் ஃபேன் நின்றுவிடுகிறது

டெல்டாக்காரன், பட்டுக்கோட்டை:
போன வருடம் 3 கிலோவாட் ஆன்-கிரிட் சோலார் (பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைந்தது) போட்டேன். மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வந்துவிட்டது, பில்லும் குறைந்துவிட்டது. ஆனால் போன வாரம் உச்சி வெயிலில் கரண்ட் போனதும் வீடே அடங்கிவிட்டது. "மாடியில அவ்வளவு கண்ணாடி எதுக்குடா?" என்கிறார் அம்மா. போட்டுத் தந்தவர்கள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாள்கணக்கில் இருட்டில் கிடந்தவர்கள் நாங்கள். பேட்டரி சேர்க்கலாமா?

வெயில்மாடி:
பழுது இல்லை சார். லைனில் கரண்ட் இல்லையென்றால் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானாக நின்றாக வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் மாடி கரண்ட் வெளியே போய், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைத் தாக்கும்.

பழைய வயர்மேன்:
தம்பி, முதலில் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஒரு மணி, இரண்டு மணி நேர கரண்ட் கட்டுக்கென்றால் சாதாரண வீட்டு இன்வெர்ட்டரும் 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரியும் போதும். ஏட்டில் அது 1.8 யூனிட். பாதிக்கு மேல் உறிஞ்சினால் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், அதனால் 0.9 என்றே வையுங்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறக்காதீர்கள். ஒன்று மட்டும் கவனம்: இப்போதுள்ள சோலார் ஒயரை அந்த இன்வெர்ட்டரின் அவுட்புட்டில் கொடுக்கவே கூடாது. அப்படிக் கொடுத்து எரித்த வீட்டுக்கு நானே போயிருக்கிறேன்.

கஜா மாதிரி என்றால் கதை வேறு. அந்த பேட்டரி ஒரே ராத்திரியில் காலி, மறுநாள் அதை ஏற்ற லைனில் கரண்ட் இருக்காது. அதற்கு பேனல், பேட்டரி, லைன் மூன்றையும் சேர்த்துக் கையாளும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வேண்டும். லைன் செத்துக் கிடந்தாலும் பகலில் பேனலே பேட்டரியை ஏற்றும். 51.2 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் பேட்டரி 5 யூனிட் சொச்சம் பிடிக்கும். விலைதான் கையைக் கடிக்கும். இன்வெர்ட்டரை மாற்றுவதற்கு முன் மின்வாரியத்தில் கேட்டுவிடுங்கள். வாங்கும் கரண்டையும் வெளியே விடும் கரண்டையும் கணக்கிடும் நெட் மீட்டர் இருக்கிறதல்லவா.

டெல்டாக்காரன்:
நன்றி அண்ணே. கணக்குப் போட்டேன். 75 வாட் ஃபேன் இரண்டு பத்து மணி நேரம் ஓடினாலே 1.5 யூனிட். ஃப்ரிட்ஜுக்கு ஒரு அரை யூனிட், லைட் கொஞ்சம். ஹைபிரிட்தான் போலிருக்கிறது. தண்ணீர் மோட்டார் ஓடுமா?

பழைய வயர்மேன்:
அந்த ஃபேன்களை பிஎல்டிசிக்கு (குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் உள்ள ஃபேன்) மாற்றுங்கள், ஒன்றுக்கு 30 வாட் அளவில் முடியும். மோட்டாரை பேட்டரி லைனில் சேர்க்காதீர்கள். ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு இழுத்து இன்வெர்ட்டரை ட்ரிப் ஆக்கிவிடும். புயல் செய்தி வந்தால் முதல் நாளே தொட்டியை நிரப்பிவிடுங்கள்.

டெல்டாக்காரன்:
சரி அண்ணே. கிரைண்டரையும் அதே லைனில் போடச் சொல்கிறார் அம்மா. அவரிடம் நீங்களே பேசுங்கள்.