புதுப்பிப்பு: 2 ஜிபி ராம் மடிக்கணினியில் டெபியன், உறைவது நின்றது

பிரௌசரில் நான்கைந்து டேப் திறந்தாலே என் பழைய மடிக்கணினி உறைந்துவிடுகிறது என்று போன வாரம் இங்கே கேட்டிருந்தேன். 2 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க், டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்), எக்ஸ்எஃப்சிஇ (அதன் திரைச்சூழல்). பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் எக்ஸ்எஃப்சிஇ-க்குப் பதில் எல்எக்ஸ்கியூட்டி என்ற இன்னொரு இலகுவான திரைச்சூழல் போட்டேன். பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம் இசட்ராம் யோசனை. இதுதான் வேலை செய்தது. நினைவகம் நிறையும்போது ஹார்ட் டிஸ்கிற்குப் போகாமல், ராமுக்குள்ளேயே தரவைச் சுருக்கி வைக்கிறது. இசட்ராம்-டூல்ஸ் தொகுப்பை நிறுவினால் போதும் என்று நினைத்திருந்தேன், ஆனால் அதன் இயல்பு அளவு வெறும் 256 எம்பி. அதனால் முதல் நாள் எதுவும் மாறவில்லை, கைவிட இருந்தேன். /இடிசி/டீஃபால்ட்/ கோப்புறையில் உள்ள இசட்ராம்ஸ்வாப் கோப்பைத் திறந்து, அல்காரிதத்தை (தரவைச் சுருக்கும் முறை) இசட்எஸ்டிடி என்றும் சதவீதத்தை (ராமில் எவ்வளவு பங்கு என்பது) 50 என்றும் மாற்றி, அந்த வரிகளின் முன்னுள்ள # குறியை நீக்கி, சேவையை மறுதொடக்கம் செய்த பிறகுதான் பலன் தெரிந்தது. அளவு மாறியதா என்று இசட்ராம்சிடிஎல் கட்டளையில் பார்த்துக்கொள்ளுங்கள். இதைத் தேடி வருபவர்கள் தயவுசெய்து இந்தப் படியைத் தவறவிடாதீர்கள். பழைய ஸ்வாப் பகிர்வை (ராம் நிறைந்தால் பயன்படும் ஹார்ட் டிஸ்க் பகுதி) அழிக்கவில்லை. இசட்ராமுக்கு முன்னுரிமை அதிகம் என்பதால் அது நிறைந்த பிறகே வட்டு பயன்படுகிறது.

எதிர்பாராத இன்னொன்று: கண்காணிப்பைத் தடுக்க ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியைச் சேர்த்தேன். விளம்பர ஸ்கிரிப்டுகள் ஏறாததால் செய்திப் பக்கங்களும் வேகமாகத் திறக்கின்றன.

இப்போது எட்டு டேப், கூடவே லிப்ரே ஆஃபீஸ். ஐந்து நாளாக ஒருமுறைகூட உறையவில்லை. கணினியைத் தூக்கிப் போடாமல் காப்பாற்றியதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.