சோடாப் போத்தல் ரொக்கெட் நடுவானில் குட்டிக்கரணம் அடிக்கிறது, என்ன பிழை?

கல்லடி ரிப்பேர்காரன் எழுதியது:

வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில் ஃபேன், ரேடியோ, ரைஸ் குக்கர் திருத்துகிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். அக்காவின் மகள் ஒன்பதாம் ஆண்டு. பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சிக்கு ரொக்கெட்தான் செய்வேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள், அதுவும் காசு கொடுத்து ஒன்றும் வாங்கக் கூடாதாம், கடைக்குப் பின்னால் கிடக்கிற பழைய சாமானை வைத்தே செய்ய வேண்டுமாம். இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது.

இப்போது எங்களிடம் இருப்பது இதுதான். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல், வாயில் கோர்க் மூடி, அதில் பந்துக்குக் காற்றடிக்கிற ஊசி, சைக்கிள் பம்ப். செட்டைக்குப் பழைய கம்ப்யூட்டர் பெட்டியின் தகரத்தை நாலு துண்டாக வெட்டிக் கீழே ஒட்டினோம். மேலே மட்டையில் கூம்பு. முக்கால் போத்தல் தண்ணீர் ஊற்றி அடித்தால், கோர்க் தனக்கு விருப்பமான நேரத்தில் கழன்று, ஒரு தென்னங்கன்று உயரத்துக்குப் போகும், அங்கே தலைகீழாகச் சுழன்று வாலை முன்னுக்குப் போட்டுக்கொண்டு விழும். பதினாறு தடவை அடித்துப் பார்த்துவிட்டோம், பதினாறிலும் அப்படித்தான். மருமகள் ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தெரிந்த பையன் ஒருவன், சீனவெடி மருந்தைக் கொட்டி ஒரு குழாயில் அடைத்தால் உண்மையான ரொக்கெட் மாதிரியே போகும் என்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் கூடாது என்று அவளுக்குச் சரியாக விளக்கிச் சொல்லவும் தெரியவில்லை.

---

வந்தாறுமூலை பௌதிகம் எழுதியது:

தம்பி, பதினாறு தடவையும் எழுதி வைத்த பிள்ளைக்கு முதலில் என் பாராட்டைச் சொல்லுங்கள். அந்தக் கொப்பியையும் கண்காட்சி மேசையில் வையுங்கள்.

பிழை தகரத்தில் இருக்கிறது. பறக்கிற பொருள் ஒன்றில் இரண்டு புள்ளிகளைப் பார்க்க வேண்டும். ஒன்று நிறை சமப்படுகிற புள்ளி, விரல் மேல் வைத்தால் சாயாமல் நிற்குமே, அந்த இடம். மற்றது காற்று பக்கவாட்டில் தள்ளுகிற விசை முழுவதும் சேர்ந்து படுவதாக எடுத்துக்கொள்ளும் புள்ளி, அமுக்க மையம் என்பார்கள். நிறைப்புள்ளி முன்னாலும் அமுக்க மையம் பின்னாலும் இருந்தால் ரொக்கெட் கொஞ்சம் சரிந்தாலும் காற்றே வாலைத் தள்ளி நேராக்கிவிடும். நீங்கள் வாலில் தகரத்தை ஒட்டி, மூக்கில் வெறும் மட்டையை வைத்திருக்கிறீர்கள், தண்ணீர் வெளியேறியதும் பாரம் முழுக்க வால்பக்கம், பிறகு அது சுழலாமல் என்ன செய்யும்? இரண்டு புள்ளிக்கும் நடுவில் குறைந்தது போத்தலின் விட்டம் அளவு இடைவெளி வேண்டும், ஒன்றரை லீற்றர் போத்தலென்றால் 9 சென்ரிமீற்றர் அளவில்.

அமுக்க மையத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்கலாம். இரவில் ஒரு மட்டையைச் சுவரில் சாத்தி, ரொக்கெட்டை அதற்கு ஒட்டினாற்போல் பிடித்து, தள்ளி நின்று டோர்ச் அடியுங்கள். விழுகிற நிழலைப் பென்சிலால் கீறி வெட்டி எடுத்து, அந்த மட்டையை அடிமட்ட விளிம்பில் வைத்துச் சமப்படுத்துங்கள். அது நிற்கிற இடம் அமுக்க மையத்துக்குப் போதுமான அளவு கிட்ட இருக்கும், கொஞ்சம் முன்னுக்கு விழுந்தாலும் அது நமக்குப் பாதுகாப்பான பக்கம்தான்.

அப்புறம் கயிற்றுச் சோதனை. தண்ணீர் இல்லாத ரொக்கெட்டை, அது சமப்படுகிற இடத்தில் நூலால் கட்டி, இரண்டு மீற்றர் நூல் விட்டு, வெளியில் நின்று தலைக்கு மேல் சுழற்றுங்கள். மூக்கு முன்னால் போனால் வானத்திலும் அப்படியே போகும். வால் முன்னால் வந்தால் மூக்கில் பாரம் கூட்டுங்கள், இல்லையென்றால் செட்டையைப் பெரிதாக்குங்கள். பதினாறு தடவை நனைந்ததற்குப் பதிலாக இதை வளவில் நின்றே பார்த்திருக்கலாம்.

தகரச் செட்டையைக் கட்டாயம் கழற்றுங்கள், விழும்போது ஒரு பிள்ளையின் தலையில் பட்டால் வெட்டிவிடும். சீலிங் அடித்து மிஞ்சிய பிவிசி ஷீட் துண்டு எந்த வீட்டிலும் கிடக்கும், உள்ளே பொள்ளல், பாரமில்லை, வளையாது. மூக்குக்கு, இன்னொரு போத்தலின் மேல்பாதியை வெட்டிக் கவிழ்த்து, அதற்குள் பாதியாக வெட்டிய டெனிஸ் பந்தை இறுக்கி வையுங்கள். பாரமும் கிடைக்கும், இடித்தாலும் மெதுவாக இருக்கும்.

தண்ணீரைக் குறையுங்கள். முக்கால் போத்தல் ஊற்றினால் தூக்க வேண்டிய பாரம் கூடி, தள்ளுகிற காற்றுக்கு இடமில்லாமல் போகும். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 500 மில்லிலீற்றர் போதும். 60 பி.எஸ்.ஐ. (டயருக்குக் காற்றடிக்கும்போது பார்க்கிற அதே அமுக்க அலகு) அமுக்கத்தில் அந்தத் தண்ணீர் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வாயால் வெளியேறும், தொடக்கத்தில் கிடைக்கும் உந்துவிசை ஏறத்தாழ 30 கிலோ நிறையைத் தூக்குகிற அளவு. ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். இதைச் சொல்லிக் காட்டினால் வெடிமருந்து நினைப்பு அவளுக்குத் தானாகவே போய்விடும் என்று நம்புகிறேன்.

---

சாய்ந்தமருது சைக்கிள் கடை எழுதியது:

சேர் சொன்னதற்கு மேல் பறப்பதைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. கோர்க்கையும் ஊசியையும் மட்டும் விட்டுவிடுங்கள் தம்பி, எப்போது கழரும் என்று தெரியாத சாமானுக்குப் பக்கத்தில் பிள்ளை குனிந்து நின்று பம்ப் அடிக்கக் கூடாது.

மோட்டார் சைக்கிள் கராஜில் கழற்றிப் போட்ட டியூப்லெஸ் வால்வு ஒன்று கேளுங்கள், சும்மா தருவார்கள். பிவிசி என்ட் கெப்பில் 11.5 மில்லிமீற்றர் துளை போட்டு, உள்ளிருந்து வெளியே இழுத்தால் ரப்பர் தானே இறுகி உட்காரும். அந்தக் கெப்பை அரை இஞ்சிப் பைப்பின் ஒரு முனையில் ஒட்டுங்கள், மறுமுனை போத்தல் கழுத்துக்குள் போகும். கழுத்து உட்காருகிற இடத்தில் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம், அது கிடைக்காவிட்டால் இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுற்றி மேலே சவர்க்காரம் பூசுங்கள், காற்றுப் போகாது.

பிடித்து விடுவதற்குக் கேபிள் டை. எட்டு டையைப் பைப்பைச் சுற்றி நிமிர்த்தி வைத்து, தலைகள் போத்தல் கழுத்தில் இருக்கிற வளையத்தின் மேல் கொளுவுகிற மாதிரி பார்த்து, கீழ்ப்பக்கத்தை ஹோஸ் கிளிப்பால் இறுக்குங்கள். மேலே ஒன்றரை இஞ்சிப் பைப்பில் ஒரு துண்டு, வளையல் மாதிரி. அது மேலே இருக்கும்வரை டை எல்லாம் போத்தலை இறுகப் பிடிக்கும். கயிற்றால் கீழே இழுத்ததும் எல்லாம் விரிந்து விட்டுவிடும். ஐந்து மீற்றர் தள்ளி நின்று இழுக்க வேண்டும், பம்ப் ஹோஸும் அதே நீளம் வேண்டும். காற்று ஏறிய போத்தலுக்குக் கிட்ட ஒருவரும் போகக் கூடாது, கயிறு சிக்கிவிட்டாலும் தூர நின்றே இழுத்து விடுங்கள்.

மோட்டார் சைக்கிள் டயருக்கே 30 பி.எஸ்.ஐ. சுற்றித்தான் அடிக்கிறோம், அதைவிட இரண்டு மடங்கை ஒரு பிளாஸ்டிக் போத்தலில் அடைக்கப்போகிறோம் என்ற நினைப்பு இருக்க வேண்டும். சோடாப் போத்தல்தான் தாங்கும், தண்ணீர்ப் போத்தல் மெல்லியது, அது வேண்டவே வேண்டாம். கீறல் விழுந்ததையும் வெயிலில் கிடந்ததையும் எடுக்காதீர்கள், செட்டையை ஒட்டச் சூட்டுப் பசையும் பாவிக்காதீர்கள், சூடு பட்ட இடம் பலம் இழக்கும். புதுப் போத்தலை முதலில் முழுக்கத் தண்ணீர் நிரப்பி 80 வரை அடித்துப் பாருங்கள். தண்ணீர் சுருங்காது, அதனால் போத்தல் பிளந்தாலும் படார் என்று வெடிக்காமல் வழிந்துவிடும்.

மருந்து விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நான் படித்த காலத்தில் பக்கத்து வீட்டுக் கூட்டாளி தீக்குச்சி மருந்தைச் சுரண்டிக் குழாயில் இடித்தான். நெருப்பு வைக்கவே இல்லை, இடித்த உராய்வே போதுமாக இருந்தது. வலது கையில் மூன்று விரல் போனது. இன்றைக்கும் கடைக்கு வந்தால் இடது கையால்தான் காசு நீட்டுவான். அந்தப் பையனுக்கும் இதைச் சொல்லுங்கள் தம்பி.

---

வாவிக்கரை அக்கா எழுதியது:

நான் கல்லடியில் பிறந்தவள், இப்போது கனடாவில் இருக்கிறேன், இரண்டு மகன்மாரோடும் மாதிரி ரொக்கெட் விடுகிறேன். மருமகளுக்குச் சொல்லக்கூடிய ஒரு கதை இருக்கிறது.

1950களில் அமெரிக்காவிலும் பிள்ளைகள் வீட்டில் மருந்து இடித்துக் கையையும் கண்ணையும் இழந்தார்கள். நெப்ராஸ்காவில் சப்பாத்துக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் என்பவர் 1954இல் மட்டைக் குழாயில் சின்ன ரொக்கெட் செய்தார். அதை 1957இல் ஹரி ஸ்டைன் என்ற ரொக்கெட் பொறியியலாளர் பார்த்தார். பிள்ளை மருந்தைத் தொடாமலே ரொக்கெட் விட வழி இதுதான் என்று அவருக்கு விளங்கியது. பிறகு வேர்ன் எஸ்டெஸ் என்பவர் 1959இல் ரொக்கெட் மோட்டர்களை, அதாவது மருந்து அடைத்து மூடிய சின்னக் குழாய்களை, இயந்திரத்தால் ஒரே அளவில் செய்யத் தொடங்கினார். இங்கே கடையில் அந்த வகை மோட்டர்தான் வாங்குகிறோம். அதில் சி6-5 என்று எழுதியிருந்தால் சி என்பது மொத்த உந்தின் அளவு, 6 என்பது சராசரி விசை நியூட்டனில், 5 என்பது எரிந்து முடிந்து பரசூட்டைத் தள்ளும்வரை உள்ள செக்கன். ஆக, இந்த விளையாட்டே மருந்தைப் பிள்ளையின் கையில் இருந்து எடுக்கத்தான் தொடங்கியது.

இலங்கையில் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம் இருக்கிறது. அதை விடுங்கள், எங்கட ஊரில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் வயதானவர்கள் எப்படி உறைந்து நிற்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். என் அம்மா இன்றைக்கும் இங்கே புதுவருட வாணவேடிக்கைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார். பிள்ளைகள் விடுகிற ரொக்கெட் அந்தச் சத்தம் இல்லாமல் மேலே போகட்டும்.

பரசூட்டுக்கு உடைந்த குடைத்துணி எடுங்கள். எட்டு மூலையிலும் நூல் கட்டி, மடித்து, ஒட்டாமல் இருக்கப் பவுடர் தூவி, கூம்புக்குள் வையுங்கள். கூம்பை ஒட்ட வேண்டாம், சும்மா கவிழ்த்து வைத்து ஒரு நூலால் உடம்போடு கட்டுங்கள். உச்சியில் வேகம் குறைந்து சாயும்போது அந்தப் பந்துப் பாரத்துக்கே கழன்று விழும், துணியையும் இழுத்துக்கொண்டு வரும்.

---

கல்லடி ரிப்பேர்காரன் எழுதியது:

பத்து நாளுக்குப் பிறகு வருகிறேன், மன்னிக்கவும். எல்லாருக்கும் நன்றி, சைக்கிள் கடை நானாவுக்குத் தனியாக ஒரு நன்றி. விரல் கதையை அந்தப் பையனுக்கு மருமகளே சொன்னாள், இப்போது அவன்தான் எங்களுக்குப் பம்ப் அடிக்கிறான்.

நிழல் வெட்டிப் பார்த்தபோது நிறைப்புள்ளி அமுக்க மையத்துக்குப் பின்னால் 4 சென்ரிமீற்றரில் இருந்தது. அவள் இரண்டு இடத்திலும் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். சீலிங் ஷீட் செட்டையும் பந்து மூக்கும் போட்டதும் புள்ளி முன்னுக்கு வந்தது. கயிற்றில் சுழற்றினோம், முதல் இரண்டு சுற்று தடுமாறியது, கூம்புக்குள் ஒரு பிடி களிமண் வைத்த பிறகு அம்பு மாதிரி ஓடியது.

விடுவதற்குப் படுவான்கரைப் பக்கம் மச்சானின் வட்டைக்குப் போனோம், வெள்ளாமை வெட்டிய வயல், ஆள் நடமாட்டம் இல்லை, விமான நிலையமும் தூரம். இப்போது கச்சான் காற்று வீசுகிற காலம், பத்து மணிக்கு மேல் நிற்கவே விடாது, அதனால் விடிய ஆறு மணிக்கே போய்விட்டோம். 50 பி.எஸ்.ஐ., 500 மில்லிலீற்றர். கயிற்றை அவள்தான் இழுத்தாள். தண்ணீர் முகத்தில் தெறித்தபிறகு நிமிர்ந்து பார்த்தால் போத்தலைக் காணவில்லை, அவ்வளவு வேகம். மேலே ஒரு புள்ளியாக நின்று, சரிந்து, கறுப்புக் குடைத்துணி விரிந்தது.

உயரம் அளக்க, பாகைமானியில் நூல் கட்டி ஒரு நட்டைத் தொங்கவிட்டு, 50 மீற்றர் தள்ளி அக்காவை நிற்க வைத்திருந்தோம். 38 பாகை. 38 பாகையின் தாஞ்சன் (tan) 0.781, அதை 50ஆல் பெருக்கி, அக்காவின் கண் உயரத்தையும் கூட்டினால் ஏறத்தாழ 40 மீற்றர் வருகிறது. பதினேழாவது வரியில் அதை எழுதியிருக்கிறாள்.

ஒரு சந்தேகம் மட்டும். காற்று அடிக்கும்போது ரொக்கெட் காற்று வருகிற பக்கமே திரும்பிப் போகிறது, தள்ளப்பட்டு எதிர்ப்பக்கம் போகும் என்றுதான் நினைத்திருந்தோம்.

---

வந்தாறுமூலை பௌதிகம் எழுதியது:

அது பிழையில்லை, உங்கள் செட்டை வேலை செய்கிறது. பக்கக் காற்று வாலைத் தள்ளினால் மூக்கு காற்று வருகிற திசைக்குத் திரும்பும், கூரையில் காற்றுச்சேவல் நிற்பது போல. செட்டை தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் இன்னும் கூடத் திரும்பும், ஒரு சென்ரிமீற்றர் குறைத்துவிட்டு மறுபடி கயிற்றில் சுழற்றிப் பாருங்கள். பரசூட் விரிந்த பிறகு அதே காற்று உங்களிடமே கொண்டுவந்து சேர்க்கும், அதனால் ஏவுகிற இடத்தை வயலின் நடுவில் வையுங்கள். கண்காட்சி எந்த நாள் என்று சொல்லுங்கள், நான் வந்து பார்க்க வேண்டும்.